தலையில் வயர் ஒட்டிய கிழமை

2025 செப்டம்பர் 8, திங்கள்

இன்றும் இவர் சோற்றை அளைந்துவிட்டுக் கையைக் கழுவினார். சூரை மீன் ஆணம், இவருக்கென்றே வைத்தது. மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டுக்கு அலுமினிய ஜன்னல் பொருத்துகிற வேலையாம், அங்கேயே சாப்பிட்டாராம். ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டே வியர்த்தார். சாப்பிட்டவருடைய முகமா அது?

கண்ணைப் பார்த்தேன். கருமணி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒரு தாதி சொல்லித் தந்தா. அன்றிலிருந்து வகுப்புப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியோடு சேர்த்து என் புருஷனையும் திருத்திக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பிந்தி வந்தாலும் விழித்திருந்து இவர் கண்ணைப் பார்க்காமல் நான் படுத்ததில்லை.

"என்ன பாக்காய்?" என்றார்.

"ஒண்டுமில்ல. கண்ணுல தூசி."

லொறி ஓட்டிக் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் பிடித்த பழக்கம், ஹெரோயின் தூள். விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. விட்டதாகச் சொல்லி இரண்டரை வருடம் என்று எழுதுவதுதான் சரி. கட்டாருக்குப் போய் வேலை சரிவராமல் திரும்பினார் என்று ஊருக்குக் கதை சொல்லி வைத்திருக்கிறோம். வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. தூள் என்ற சொல் வாயில் வரக் கூடாதென்று, மிளகாய்த் தூளைக்கூட உம்மா "இடிச்ச கொச்சிக்கா" என்றுதான் கேட்கிறா.

செப்டம்பர் 10, புதன்

விடியவே வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைச் சீமெந்தில் சுருண்டு கிடந்தார். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்த வியர்வை. இதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். பழகிய உடம்புக்குச் சாமான் கிடைக்காத நாளில் இப்படித்தான் முறுக்கும்.

றப்பே, திரும்பவுமா?

செப்டம்பர் 11, வியாழன்

கேட்டுவிட்டேன். மகள் பஸ்மிலா டியூசனுக்குப் போன நேரம் பார்த்து, கதவையும் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"இப்ப எங்க வாங்குறீங்க?"

இவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "கேட்டிட்டாய் தானே" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இது உம்மா எனக்குத் தந்த வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் வெளியே போங்கள் என்று சொல்லும் வாய் எனக்கு இருக்கிறது. போன முறை அதைச் சொன்னேன். இன்றும் அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு மா அரிக்கப் போனேன். மாவில் பாதி தரையில்.

செப்டம்பர் 13, சனி

காலையில் இவர் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்தார்கள். பித்தப்பை நிறையக் கல், பையும் வீங்கியிருக்கிறது. ஒபரேசன் செய்து பையையே எடுக்க வேண்டுமாம்.

கல் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். புருஷன் கட்டிலில் துடிக்கிறார், நான் அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. வலிக்கு ஊசி போட வந்த தாதியின் கையை இவர் தட்டிவிட்டார். "ஊசி வேணா மிஸ்ஸி! வேற என்னமும் தாங்க, அது மட்டும் வேணா!" வலியில் கத்துகிற ஆள் ஏன் வலி மருந்தை வேண்டாம் என்கிறார்? உடம்பில் ஏற்கனவே ஏதாவது இருந்து, அது பிடிபட்டுவிடும் என்ற பயமா?

கல்லும் இருக்கலாம். மற்றதும் இருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

செப்டம்பர் 15, திங்கள்

மயக்க மருந்து டொக்டர் வாட்டுக்கு வந்தார். கனகரெத்தினம் என்று பெயர், பெரியநீலாவணைக்காரர், தலை நரைத்தவர். நான் படிப்பிக்கிறேன் என்று அறிந்ததிலிருந்து "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார். அவரும் பல்கலைக்கழகத்து ஆட்கள் சிலரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்கிறார்களாம். ஒபரேசனுக்குக் கொடுக்கும் வலி மருந்து மூளையில் என்ன செய்கிறது என்று அளக்கிறார்கள்.

"தலையில வயர் ஒட்டுவம். நித்திரை மருந்து குடுக்க முந்தி, வலி மருந்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவம். மூளையிட அலை எப்பிடி மாறுது எண்டு மெசின் கீறிக் காட்டும். வலி ஒண்டும் இல்ல" என்றார்.

"பிறகு என்னத்துக்கு டொக்டர் அளக்கிற?" என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"அந்த மருந்து வலியை மட்டும் மறக்கவைக்கிறல்ல டீச்சர். அளவு கூடினா ஆள் மூச்செடுக்கவும் மறந்திடும். முழிச்சித்தான் இருப்பாங்க. பேரைக் கேட்டாச் சொல்லுவாங்க. ஆனா மூச்சு எடுக்க மனம் வராது. 'மூச்செடுங்க' எண்டு நாங்க சொன்னா எடுப்பாங்க. அது வர முந்தியே அலையில தெரியுமா எண்டுதான் பாக்கிறம்."

நான் இவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

பிறகு வழக்கமான கேள்விகள். சிகரட் உண்டா, குடி உண்டா, வேறு ஏதும் பழக்கம்? தலைமாட்டில் உம்மா. கால்மாட்டில் தாதி றுஸ்னா. எங்கள் ஒழுங்கைக்காரி, எதிர்வீட்டு மருமகள். இவர் உம்மாவைப் பார்த்தார், றுஸ்னாவைப் பார்த்தார்.

"ஒண்டும் இல்ல டொக்டர்."

ஆய்வுக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

அது மோர்பின் இனத்து மருந்து. இவர் குடித்த தூளும் அதே இனம்தான். போனில் தேடித் தேடி வாசித்தேன், வாசித்திருக்கக் கூடாது. வகுப்பில் பின்னங்களைக் கூட்டும்போது இரண்டு தரம் பிழைவிட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

சொன்னால் ஊர் முழுக்கத் தெரியவரும். பஸ்மிலாவுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் வைப்பார்கள்? சொல்லாவிட்டால், ஒன்றும் தெரியாத டொக்டர் எல்லோருக்கும் போடுகிற கணக்குக்கு மருந்து ஏற்றுவார். மூச்செடு என்று சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லாத ஒரு நிமிடம் வந்தால்?

செப்டம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன்.

ஒபரேசன் தியேட்டர் வாசலில் காத்து நின்று, டொக்டர் கனகரெத்தினம் வெளியே வந்ததும் பின்னாலேயே போனேன். அந்நிய ஆணிடம் தனியாக நின்று புருஷனைப் பற்றிச் சொல்கிறேன் என்று உடம்பெல்லாம் கூசியது. சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"கடைசியா எப்ப பாவிச்சவர்?"

"ரெண்டரை வருசத்துக்கு முந்தி எண்டு சொல்றார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியா டொக்டர்."

இதை ஒரு மனிதருக்கு முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று, நான் அழுது முடியும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தெரியாததுதான் எங்களுக்கும் சிக்கல்" என்றார் பிறகு. "விட்டது உண்மை எண்டா உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், சாதாரண அளவே கூடிரும். விடல்ல எண்டா எங்கட அளவு காணாது, வலியில துடிப்பார். நான் ஆகச் சின்ன அளவில துவங்கி, அலையைப் பாத்துப் பாத்துத்தான் குடுப்பன். றுஸ்னாவுக்கும் சொல்லமாட்டன். பயப்பிடாதீங்க."

பயப்பட வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் சுலபமாகத்தான் சொல்கிறார்கள். திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன அளவுக்கு இவருடைய மூளை அசையாவிட்டால், இவர் இன்னும் பாவிக்கிறார் என்று அர்த்தம். நான் கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்காததை அந்த மெசின் கண்டுபிடிக்கப் போகிறது. எனக்கு அது தெரிய வேண்டும். தெரியவே கூடாது.

செப்டம்பர் 18, வியாழன்

டொக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். நான் போனபோது இவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"சொன்னதுக்குக் கோவமில்ல" என்றார். "நீ சொல்லத்தான் வேணும். ஆனா, மனிசிக்கே நிச்சயமில்லயாம், உண்மையைச் சொல்லுங்க எண்டு என்னைக் கேட்டார். தெரியா எண்டாயா?"

ஓம் என்றேன்.

"சரி" என்றார். மருந்துக்கடைக்காரன் கொடுத்த மிச்சக் காசை வாங்கிப் பையில் போடுகிற மாதிரி அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 20, சனி

நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தார். பஸ்மிலாவோடு மட்டும் கதைத்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒபரேசன் செவ்வாய்க்கிழமை. பத்தியக் கோழி வாங்க வேண்டுமா என்று உம்மா இப்போதே கேட்கிறா. எனக்கு அடுப்புக்கு முன்னால் நின்றாலும் மூச்சுத்தான் ஞாபகம். நான் எடுக்கிறேனா என்று நானே பார்க்கிறேன். பார்க்கத் தொடங்கினால் அது சரியாக வருவதில்லை.

மத்தியானம் பஸ்மிலா தூங்கும்போது அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சொல்லி எடுக்கிறாள் இவள்?

இவர் போய்விட்டால், கடைசியாக என்னிடமிருந்து கேட்டது "ஓம்" என்ற அந்த ஒரு சொல்லாகத்தான் இருக்கும். புருஷனை நம்பவில்லை என்ற ஓம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் நாங்கள் போகும் முன்பே உம்மா வாட்டுக்குப் போய்விட்டா. லெப்பையிடம் ஓதி வாங்கிய தேங்காய் எண்ணெயை ஒரு போத்தலில் கொண்டுபோய், மருமகனின் தலையில் வார்த்து உச்சியிலிருந்து பிடரிவரை தேய்த்துவிட்டிருக்கிறா. ஒபரேசனுக்குப் போகிற யாருக்கும் எங்கள் வீட்டில் செய்வதுதான். ஆனால் வயர் ஒட்ட வந்த பையன்கள் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தார்கள். எண்ணெய்த் தலையில் வயர் பிடிக்காதாம், அலையே வராதாம்.

"கழுவிட்டுத்தான் கொண்டுவரணும், கெதியா" என்றாள் றுஸ்னா.

"ஓதின எண்ணெயை ஷெம்பு போட்டுக் கழுவுறதா? என்ன புள்ள சொல்றா இவ!" உம்மா அழுதுவிடுவா போல இருந்தது.

"உள்ளுக்கு இறங்கினது இறங்கிட்டு உம்மா. மேல இரிக்கிறதைத்தான் கழுவுற" என்றேன். எப்படி அந்த நேரத்தில் அது வாயில் வந்ததோ தெரியாது. உம்மா அதை ஏற்றுக்கொண்டா.

றுஸ்னாவுக்கு வேலை இருந்தது. நான்தான் கழுவினேன். வாட்டுக் குழாயடியில் இவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, இரண்டு தரம் ஷெம்பு போட்டுக் கழுவினேன். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து இவருடைய தலையை நான் இப்படித் தொட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டே கதைத்தார்.

"ரெண்டு மாசமா வலி புள்ள. உன்னிட்டச் சொல்லல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்திட்டுப் போவாய். ஆஸ்பத்திரியில ஊசி போடுவாங்க. அந்த ஊசி உள்ள போனா எனக்குப் பழையதெல்லாம் ஞாபகம் வரும். அதுக்கு இந்த வலி நல்லம் எண்டு இருந்திட்டன்."

நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். நம்ப வேண்டும் என்றுதான் மனம் கேட்டது. ஆனால் இந்த மனிதர் பாவித்த காலத்திலும் இப்படித்தான் அழகாகக் கதைத்தார். என் காப்பை விற்றுவிட்டு, களவு போய்விட்டது என்று என்னோடு சேர்ந்து தேடியவர். நம்புகிறேன் என்று சொல்ல நினைத்தேன். "கண்ணுக்குள்ள நுரை போகும், மூடுங்க" என்றுதான் சொன்னேன்.

கொண்டுபோய்விட்டார்கள். தலை முழுக்க வயர். தியேட்டர்க் கதவு மூடும்போது என்னைத்தான் பார்த்தார்.

வெளியே வாங்கில் இருந்துகொண்டு உம்மா தஸ்பீஹ் மணி உருட்டினா. எனக்கு ஒரு ஓதலும் முழுதாக வரவில்லை. மூச்செடுங்க, மூச்செடுங்க என்பதுதான் வாயில் வந்தது. அல்லாஹ் அதைத் துஆவாக எடுத்துக்கொள்ளட்டும்.

டொக்டர் கனகரெத்தினம் வெளியே வந்தபோது தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். என் உயிர் போய் வந்தது.

"ஒபரேசன் நல்லபடி முடிஞ்சிது. ஆள் சுகம்" என்றார். என்னைக் கொஞ்சம் அப்பால் வரச் சொன்னார். "ஆனா துவக்கத்தில நான் பயந்திட்டன் டீச்சர். நான் குடுத்தது ஆகச் சின்ன அளவு. அதுக்கே அலை வேகம் குறையத் துவங்கிட்டு. கண்ணைத் திறந்துதான் இருந்தார், மகள்ட பேரைச் சொன்னார். மூச்சு மட்டும் நிண்டிட்டு. மூச்செடுங்க எண்டு சொல்லச் சொல்லத்தான் எடுத்தார். கொஞ்ச நேரம் அவருக்காக மூச்சை நான்தான் நினைச்சிக்கிட்டிருந்தன். அதுக்கு மேல ஒரு துளியும் ஏத்தல்ல, வேற வழியிலதான் நித்திரையாக்கினம்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு நின்றதாம். என் புருஷனுக்கு அங்கே மூச்சு நின்றதாம்.

பிறகுதான் மற்றது தலைக்குள் ஏறியது.

"டொக்டர், அப்ப அது... அந்தச் சின்ன அளவுக்கே எண்டா..."

அவர் என்னைப் பார்த்தார். "இது கோர்ட்டுக்குக் குடுக்கிற சாட்சி இல்ல. ஒரு ஆள்ட அலையை வச்சிச் சத்தியம் பண்ணவும் ஏலா. ஆனா நீங்க கேக்கிறதால சொல்றன். இப்பவும் பாவிக்கிற உடம்பு இதுக்கு இப்பிடி விழாது. அவர் சொன்னது உண்மை எண்டுதான் நான் நினைக்கிறன்."

புருஷனுக்கு மூச்சு நின்ற கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அழுத பெண்சாதி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உம்மா ஓடிவந்து, மௌத்தாகிவிட்டார் என்று நினைத்துக் கத்திக் குழறத் தொடங்கிவிட்டா.

செப்டம்பர் 24, புதன்

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இரண்டு மாதம் இந்த மனிதர் கல் வலியோடு என் பக்கத்தில் கிடந்திருக்கிறார். நான் கண்ணைத் திருத்திக்கொண்டிருந்தேன். "எங்க வாங்குறீங்க" என்று கேட்டேன். இதை எப்படித் திருப்பி எடுப்பது?

இன்று வாட்டில் இவரே கதைத்தார். குரல் கம்மியிருந்தது.

"அது உள்ள வந்த உடனே எனக்குத் தெரிஞ்சிட்டு புள்ள. பழைய கூட்டாளி வாசல்ல நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. ஒரு பயமும் இல்ல. மூச்செடு எண்டு டொக்டர் சொல்றது கேக்குது, இவர் என்னத்துக்கு என்னைக் கரச்சல் படுத்துறார் எண்டுதான் நினைச்சன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "நல்லா இருந்திச்சி. அதுதான் பயமாரிக்கி."

ஆகவே இனி இந்தப் பயம். விட்டது உண்மை என்று கண்டுபிடிக்கப் போய், விட்டதை ஞாபகப்படுத்திவிட்டோமா?

செப்டம்பர் 27, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். டொக்டர் சாதாரண வலிக் குளிசை மட்டும்தான் தந்தார், பெனடோல் வகை. உம்மா கோழி ஆக்கினா, டொக்டர் கொழுப்பு வேண்டாம் என்று சொன்னதால் நானும் பஸ்மிலாவும் தின்றோம். இவருக்குக் கஞ்சி.

"அண்டைக்குக் கேட்டது பிழை" என்று சொன்னேன்.

"நீ கேக்காம ஆர் கேக்கிற?" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய் வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றார். முகம் சரியில்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி இல்ல. எனக்கு இண்டைக்கு அது வேணும் போல இரிக்கி."

இவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. பாவித்த காலத்திலும் சொன்னதில்லை, விட்ட காலத்திலும் சொன்னதில்லை. அகப்பை கையில் இருந்தது, எனக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏச வேண்டுமா, அழ வேண்டுமா, கதவைப் பூட்ட வேண்டுமா? புனர்வாழ்வு நிலையத்தில் கண்ணைப் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு தோணி நிழலில் இருந்தோம். மீனவர்கள் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு, இந்த நேரத்தில் இதுகளுக்கு என்ன கடல் பார்க்கிற ஆசை என்று பார்த்தார்கள். இவருக்குக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது கால் நின்றிருந்தது.

"இப்ப எப்பிடி?"

"இப்ப பசிக்கிது" என்றார்.

அக்டோபர் 8, புதன்

இன்றும் சொன்னார். போனில் சொன்னார், நான் வகுப்பில். சின்னதாம், தானே போய்விடுமாம், சும்மா சொல்லி வைத்தாராம். பின்னேரம்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வந்து பார்த்தால் பஸ்மிலாவின் சைக்கிளுக்குச் செயின் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று சாகாமம் என்ற ஊரில் வேலை. இவர் நன்றாகப் பிந்தித்தான் வந்தாராம். தானே சோறு போட்டுத் தின்றுவிட்டுச் சோற்றுக் கோப்பையையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

"ராவு எத்தினை மணிக்கு வந்தார்?" என்று உம்மா காலையில் என்னிடம் கேட்டா.

எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.